நீ அவர்கிட்ட என்ன சொன்னே?

என் இடது காதுக்கு மேலே, முடிக்குள் மறைந்துபோகிற இடத்தில், ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. மூன்று தையல். முடி வெட்டிவிடுகிற பெண்மணி ஒருமுறை "சின்ன வயசுல கீழ விழுந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அய்யோ, அந்த மாதிரி ஆளுங்களோட வேலை பாக்குறது அவ்வளவு ஆபத்தா?" அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவில் விளக்கவும் முடியாது. அதனால்தான் இத்தனை வருடமாகக் கீழே விழுந்த கதையே ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். சம்பந்தப்பட்டவர் யாரென்று தெரியாதபடி வயது, உறவு, நோய் விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தழும்பு மட்டும் அசல்.

மனநல மருத்துவத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். அவசரப் பிரிவில் இரவு டியூட்டி. இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு இளைஞரை அவருடைய அண்ணனும் மாமாவும் கூட்டி வந்தார்கள். நான்கு ராத்திரியாகத் தூக்கமில்லை, தண்ணீரில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று குடிப்பதில்லை, உதடு வெடித்துக் கிடந்தது. ஆனால் அமைதியாக இருந்தார். கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அந்த அமைதியை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது எடுத்துக்கொள்ள மாட்டேன். அரை மணி நேரம் பேசிய பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் வீட்டுக்குப் போலாமா?"

"இல்லைங்க, இன்னைக்கு நீங்க இங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து அட்மிஷன் தாளை எழுதக் குனிந்தேன். மேஜையில் ஒரு பழைய இரும்பு ஸ்டேப்லர் இருந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அதன் பிறகு சிஸ்டர் என் தலையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், நான்கு பேர் அந்த இளைஞரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நான் ஊசி மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான அளவைத்தான் சொன்னேன் என்று பிறகு சரிபார்த்துக்கொண்டேன். பக்கத்து அறுவை சிகிச்சைப் பிரிவில் என் வயதே உள்ள ஒரு பயிற்சி மருத்துவர் தையல் போட்டார். திரும்பி வந்து இன்னும் நான்கு கேஸ் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. டியூட்டியில் இருந்தது நான் ஒருத்திதான்.

கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததைப் பல மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். "நோயாளி திடீரெனக் கிளர்ச்சியுற்றுத் தாக்கினார். ஊசி கொடுக்கப்பட்டது. உறங்குகிறார்." என் கையெழுத்துதான். தாக்கினார், சரி, யாரை? செயப்படுபொருளே இல்லை. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தது இதற்குத்தான் பயன்பட்டது போலிருக்கிறது.

காலையில் ரவுண்ட்ஸ். சீஃப் என் தலைக்கட்டைப் பார்த்தார். நல்ல மனிதர், எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர், கோபமே இல்லாமல், உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: "நீ அவர்கிட்ட என்ன சொன்னே?"

வலிக்கிறதா, எப்படி இருக்கிறாய், வீட்டுக்குப் போகிறாயா, இதெல்லாம் அப்புறம் வந்திருக்கலாம். வந்ததா என்றுகூட ஞாபகம் இல்லை. முதலில் வந்த கேள்விதான் தங்கியது. வருடக்கணக்கில் தங்கியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்ற எண்ணத்துக்கு இந்தப் பதிவு ஒரு துளி எண்ணெய்கூட ஊற்றக் கூடாது. அமெரிக்காவில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து, அதே தெருக்களில் வசிக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 1998-ல் வெளியானது. மக்ஆர்தர் ஆய்வு என்று சொல்வார்கள். குடியோ போதைப்பொருளோ இல்லாத நோயாளிகளும், அதே மாதிரி பழக்கமில்லாத அக்கம்பக்கத்தவர்களும் வன்முறையில் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தார்கள். போதை சேர்ந்தால் இரண்டு பக்கமும் கூடியது. தவிர, மனநோய் உள்ளவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடிவாங்குகிறவர்களாக இருப்பதுதான் அதிகம். இதை வார்டில் வேலை செய்த யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் ஏன் எங்களுக்கு அடிபடுகிறது? நாங்கள் பார்ப்பது அவர்களுடைய வாழ்க்கையின் சராசரி நாளை இல்லை. மிக மோசமான ராத்திரியை. பயத்தின் உச்சத்தில், தூக்கமில்லாமல், போதையிலோ போதை இறங்கும்போதோ, காதுக்குள் ஒரு குரல் கட்டளை போட்டுக்கொண்டிருக்கும்போது, சொந்தக்காரர்கள் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு, எதிரே ஒரு அந்நியர் உட்கார்ந்து "உங்களுக்கு உடம்பு சரியில்லை" என்கிறார். அந்த அந்நியர் அனேகமாக எல்லா ஊரிலும் பயிற்சியில் இருக்கிற டாக்டர்தான்.

இது தற்செயல் இல்லை. வேலை பிரித்திருக்கிற விதமே அப்படி. பெரியவர்கள் பகலில், நோயாளி கொஞ்சம் அடங்கிய பிறகு, நான்கு பேர் சூழ வந்து பார்க்கிறார்கள். ராத்திரி முதலில் பார்ப்பது பயிற்சி மருத்துவர். "உங்களை விட முடியாது" என்று சொல்வது பயிற்சி மருத்துவர். "அந்தத் தூக்க மாத்திரையை எழுதித்தர முடியாது" என்று சொல்வதும் அவரே, படுக்கை காலியில்லை என்று உறவினரிடம் சொல்வதும் அவரே. அந்த முடிவு எதையும் மாற்றுகிற அதிகாரம் மட்டும் அவரிடம் கிடையாது. கெட்ட செய்தியைச் சொல்லத்தான் அவர். மூன்று மாதத்துக்கொரு முறை பிரிவு மாறுவதால் எந்த நோயாளியோடும் பழக்கம் வளர்வதில்லை. போன தடவை இதே நோயாளி இதே அறையில் நாற்காலியைத் தூக்கியிருப்பார், அது ஆறு வருடம் வேலை பார்க்கிற அட்டெண்டர் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. யாராவது சொன்னால் உண்டு.

வன்முறை என்றதும் அடியைத்தான் நினைக்கிறோம். 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இன்னும் இரண்டு சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து மருத்துவத் துறையின் பணியிட வன்முறை பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் வசவு, மிரட்டல், பாலியல் தொல்லை, சக ஊழியரே கொடுக்கும் தொல்லை எல்லாமே வன்முறைக் கணக்கில் வருகின்றன. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என் பயிற்சிக் காலத்தைத் திரும்பிப் பார்த்தால் ஸ்டேப்லர் ஒரு நாள் சமாச்சாரம், மற்றது எல்லாம் தினசரி. முகத்தில் துப்பல். "வெளியே வா, பார்த்துக்கிறேன்." என் உடம்பைப் பற்றி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, வாரக்கணக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆளுக்குப் பித்து உச்சத்தில் இருந்தது, மூளை வேகமாக ஓடும்போது வாய்க்குக் கடிவாளம் இருக்காது, எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வார்டுக்குப் போகிற தாழ்வாரத்தில் கால் கனத்தது. ஒரு சீனியரிடம் சொன்னபோது, "நோய்தானே பேசுது, நீ ஏன் பெர்சனலா எடுத்துக்கிறே" என்றார். அவர் ஆண். அவரிடம் அந்த நோய் அப்படிப் பேசியதில்லை.

அப்புறம் உறவினர்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, ஆனால் என் நண்பன் ஒருவனின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு நெருக்கியது நோயாளி கிடையாது, நோயாளியின் அப்பா. மகனை இன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தரப்பு, சேர்க்கவே கூடாது என்று ஒரு தரப்பு, இரண்டுக்கும் நடுவில் நின்றவன் வாங்கினான். அந்த அப்பாவும் எத்தனை ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரோ. இப்படி எல்லோருக்காகவும் வக்காலத்து வாங்கியே எங்களுக்குப் பழகிவிட்டது, அதுதான் அடுத்த பிரச்சினை.

மற்ற துறைகளில் ஒரு டாக்டருக்கு அடிபட்டால் அடித்தவர் மேல் கோபம் வரும். எங்கள் துறையில் பயிற்சியின் முதல் பாடமே, எதிரில் இருப்பவர் செய்வதற்கு அர்த்தம் தேடு, உன்னால் அவருக்குள் என்ன கிளம்பியது என்று பார் என்பதுதான். அருமையான பாடம். ஆனால் தலையில் ரத்தம் வழிகிறபோது அதே பாடம் சாட்டையாகிவிடுகிறது. நான் அவசரப்பட்டேனா, குரல் கடுமையாக இருந்ததா, அவர் கையைப் பார்த்திருக்க வேண்டாமா, நல்ல டாக்டராக இருந்தால் இது நடந்திருக்குமா? சீஃப் கேட்கவே வேண்டியதில்லை. அவர் கேட்பதற்கு முன் நானே என்னிடம் நூறு தடவை கேட்டு முடித்திருந்தேன், அவர் வாயிலிருந்து வந்ததும் அது தீர்ப்பாகிவிட்டது.

நல்ல டாக்டருக்கும் நடக்கும். வெய்ன் ஃபென்டன் என்று ஒரு அமெரிக்க மனநல மருத்துவர். ஸ்கிஸோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோயில் நாடறிந்த நிபுணர், அந்நாட்டின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். மற்றவர்கள் எடுக்கத் தயங்குகிற கடினமான நோயாளிகளை எடுத்துக்கொள்வார் என்று பெயர். 2006 செப்டம்பரில் ஒரு விடுமுறை வார இறுதியில், மருந்து எடுக்க மறுத்துவந்த ஒரு பத்தொன்பது வயது இளைஞரைத் தன் அலுவலகத்தில் தனியாகப் பார்த்தார். அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். வயது 53. இந்தச் சம்பவத்தை எங்களுக்கு ஒரு வகுப்பில் சொன்னபோது நான் முதலில் பார்த்தது அவருடைய திறமைக் குறைவு எங்கே என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது விடுமுறை நாள், தனியாக என்ற இரண்டு விஷயங்கள்தான். உலகத்திலேயே கெட்டிக்காரருக்கும் பக்கத்து அறையில் ஆள் வேண்டும்.

அடி எப்போதுமே வானத்திலிருந்து விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நார்வேயில் உருவான ப்ரோசெட் என்ற சின்னப் பட்டியல் இருக்கிறது, ஆறே விஷயம்: குழப்பம், எரிச்சல், கூச்சல் ஆர்ப்பாட்டம், வாய் மிரட்டல், உடல் மிரட்டல், பொருட்களைத் தாக்குதல். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். கூட்டினால் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் ஏதாவது நடக்க வாய்ப்பு அதிகம், உடனே ஏற்பாடு செய்யச் சொல்கிறது. போட ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நுணுக்கம். வழக்கமாகவே சத்தமாகப் பேசுகிறவர் என்று நமக்குத் தெரிந்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது, வழக்கத்தைவிடக் கூடினால்தான் மதிப்பெண். அதாவது அவரை முன்பே தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். என் ஸ்டேப்லர் இளைஞருக்கு அன்று மதிப்பெண் போட்டிருந்தால் பூஜ்யமோ ஒன்றோதான் வந்திருக்கும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பட்டியல் எல்லாவற்றையும் பிடிக்காது. ஆனால் முன்பே தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார். அவருடைய அண்ணன். இரண்டு நாள் முன்பு தம்பி வீட்டில் கதவை உடைத்ததை அவர் என்னிடம் தனியாகச் சொல்லக் காத்திருந்தார். நான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், பயிற்சியின் முதல் வருடத்தில் யாராவது என் தலையில் அடித்துச் சொல்லியிருக்க வேண்டியது. (இந்தச் சொலவடையை இந்தப் பதிவில் பயன்படுத்தியிருக்கக் கூடாது, சரி, இருக்கட்டும்.) மனநோய் மருந்துகளில் சிலவற்றுக்கு அகதீஸியா என்று ஒரு பக்கவிளைவு உண்டு. காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி, உட்கார முடியாது, நிற்க முடியாது, தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாமா என்றிருக்கும் என்று ஒரு நோயாளி சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் கிளர்ச்சி மாதிரியே இருக்கும். புதிதாக வந்தவர் "நோய் கூடிவிட்டது" என்று நினைத்து அதே மருந்தை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். அது எரிகிற வீட்டில் விறகு போடுவது. அப்படி மருந்து ஏற்றப்பட்ட ஒருவர் ஒரு நர்ஸைக் கீழே தள்ளிவிட்டார், மறுநாள் மருந்தைக் குறைத்து, அந்தத் தவிப்பைத் தணிக்கிற ப்ரோப்ரனலால் மருந்து கொடுத்ததும் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தார், இரண்டு வாரத்தில் முதல் தடவையாக. அந்தத் தள்ளலை யார் கணக்கில் எழுதுவது? மருந்தை ஏற்றியது நான்.

ஆமாம், எங்கள் பக்கமும் சுத்தம் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடித்து அமுக்கிக் கட்டிலில் கட்டுவது, அது எவ்வளவு அவசியமாக இருந்தாலும், அவருக்கு வன்முறைதான். வார்டில் விழுகிற அடிகளில் கணிசமானவை அப்படிப் பிடிக்கிற நேரத்தில்தான் விழுகின்றன. இந்த இடத்தில்தான் இங்கிலாந்தில் லென் பவர்ஸ் குழுவினர் செய்த சேஃப்வார்ட்ஸ் என்ற வார்டுத் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 31 வார்டுகளில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். காவலாளியை அதிகப்படுத்துவதோ கேமரா வைப்பதோ அதில் கிடையாது. முடியாது என்று சொல்ல வேண்டியதை எப்படி மென்மையாகச் சொல்வது, கெட்ட செய்தி வரப்போகிற நோயாளியின் பக்கத்தில் முன்கூட்டியே போய் உட்கார்வது, ஊழியரும் நோயாளியும் ஒருவரைப் பற்றி ஒருவர் சின்னச் சின்ன விஷயங்களைத் தெரிந்துகொள்வது, வார்டில் ஒரு சண்டை நடந்தால் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளிடமும் போய்ப் பேசுவது, இந்த மாதிரி பத்து விஷயங்கள். மோதல் 15 சதவீதமும், கட்டுவது, அடைப்பது, வலுக்கட்டாயமாக ஊசி போடுவது போன்றவை 26 சதவீதமும் குறைந்தன. மந்திரம் ஒன்றும் இல்லைதான். ஆனால் இரண்டும் ஒன்றாகக் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் நோயாளியை இன்னும் இறுக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் காட்டுகிற எண்கள் இவை.

கெட்ட செய்தி வரப்போகிறவரின் பக்கத்தில் முன்கூட்டியே போய் உட்கார்வது. நான் செய்தது நேர்மாறு. சொல்லிவிட்டுக் குனிந்துவிட்டேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த இளைஞரே சொன்னார். மூன்று வாரம் கழித்து, நன்றாகத் தூங்கி, தண்ணீரெல்லாம் குடித்து, முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். இப்படி ஒரு தாக்குதலுக்குப் பிறகு அதே நோயாளியை அதே டாக்டரே தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டுமா, வேறொருவருக்கு மாற்றலாமா என்று பயிற்சி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அது அவருடைய முடிவாக இருக்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, யூனிட் மாறாததால் நானே தினமும் அவர் கட்டிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், பத்து நாளைக்கு அவர் பக்கத்தில் நிற்கும்போது என் கை தானாகக் காதுக்கு மேலே போனது. ஒருநாள் அவரே கூப்பிட்டார். "மேடம், அது நீங்கதானே?" நான்தான் என்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "நீங்க பேனாவ எடுத்தீங்க. அதுல நீங்க கையெழுத்துப் போட்டா என்னைக் கொன்னுடுவாங்கன்னு தோணுச்சு. பேனாவ நிறுத்தணும்னுதான்."

அதற்கு முன் எனக்கு ஒரு பொதுவான குற்ற உணர்ச்சி இருந்தது. புகை மாதிரி, எங்கே பிடிப்பது என்று தெரியாதது. அவர் சொன்ன பிறகு அது ஒரு பேனா ஆகிவிட்டது. பேனா விஷயத்தில் ஏதாவது செய்யலாம். இப்போது முடியாது என்று சொல்லும்போது என் கையில் எதுவும் இருக்காது, சொன்ன பிறகு உடனே எழுத மாட்டேன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், இரண்டு கை நீளம் தள்ளி, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காமல், எனக்கும் கதவுக்கும் நடுவில் எதுவும் இல்லாமல். மேஜையில் கனமாக ஒன்றும் வைப்பதில்லை. கழுத்தில் ஸ்டெத் கிடையாது, அடையாள அட்டை இழுத்தால் கழன்று வருகிற கயிற்றில்தான். ஆக, சீஃப் கேட்ட கேள்வி தப்பான கேள்வியே இல்லை, பதிலும் அதற்கு இருந்தது. ஆனால் அதைத் தையல் போட்ட மறுநாள் காலையில், பத்துப் பேர் நடுவில், எனக்கு மேலே இருப்பவர் கேட்கக் கூடாது. இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு, ஒரு தனி அறையில், "சேர்ந்து யோசிக்கலாமா" என்று கேட்டிருந்தால் பேனாவை நானே கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ.

இதெல்லாம் நடந்ததற்கு எங்கேயும் பதிவு இல்லை என்பதுதான் விசித்திரம். சம்பவ அறிக்கை என்று ஒரு படிவம் இருந்தது. நான்கு பக்கம். நான் நிரப்பவில்லை. உலகம் முழுக்க இந்தத் துறையில் நடத்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, நடப்பதில் பாதிக்கும் மேல் புகாராக வருவதில்லை, பயிற்சி மருத்துவர்களும் பெரும்பாலும் சொல்வதில்லை என்பதுதான். காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: வேலையில் இதெல்லாம் சகஜம், புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது, தேர்வில் மதிப்பெண் போடப்போகிறவரே படிவத்தையும் படிப்பார், சமாளிக்கத் தெரியாதவள் என்று பெயர் வரும். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. படிவத்தில் "தாக்கியவர் பெயர்" என்று ஒரு கட்டம். அங்கே ஒரு நோயாளியின் பெயரை எழுதக் கை வரவில்லை, காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. எழுதியிருக்க வேண்டும். பெயர் தண்டனைக்காக இல்லை, அடுத்த தடவை அவரைப் பார்க்கப்போகிற முதல் வருடப் பெண்ணுக்காக. புகார் இல்லையென்றால் பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லையென்றால் ராத்திரி டியூட்டிக்கு இரண்டாவது ஆள் எதற்கு, அபாய மணி எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. காகிதத்தில் எதுவுமே நடக்கவில்லையே.

என் கூடப் படித்தவர்களில் இருவர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். அடியால் என்று சொல்ல மாட்டேன், காரணங்கள் பின்னிக் கிடந்தன. ஆனால் விட்டுப் போகாதவர்களிடம் நடந்த இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அடிபட்ட பிறகு டாக்டர் மாறிவிடுகிறார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்கிறார், கேள்விகளைச் சுருக்குகிறார், மருந்து அளவு கொஞ்சம் தாராளமாகிறது, சேர்க்க வேண்டியவரை "வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்கிறார் அல்லது வீட்டுக்கு அனுப்ப வேண்டியவரைப் பயத்தில் சேர்த்துவிடுகிறார். நான் அப்படி ஒரு ஆறு மாதம் இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் என்னிடம் வந்தவர்களுக்கு நான் என்ன தவறவிட்டேன் என்று எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது.

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு போன் வந்தது. முதல் வருடத் தம்பி. "அக்கா, ஒரு பேஷண்ட் மூஞ்சில குத்திட்டாருக்கா. பேஷண்ட் இப்ப ஓகே, தூங்குறாரு." பேஷண்ட் ஓகே. நான் தூக்கக் கலக்கத்தில் வாயைத் திறந்தேன், வந்தது என்ன தெரியுமா? "நீ அவர்கிட்ட என்ன..." அதற்கு மேல் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். கேட்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கடா பட்டுச்சு?" என்றேன். "மூக்குல. ரத்தம் நின்னுடுச்சு." "வர்றேன். அதுவரைக்கும் நீ யாரையும் பார்க்காதே."

போனபோது மூக்கில் பஞ்சோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்த கேஸுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். எக்ஸ்ரே எடுத்து வந்தோம், எலும்பு முறியவில்லை. அதன் பிறகு நான்கு பக்கப் படிவத்தை இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பினோம், நாற்பது நிமிடம் ஆனது. தாக்கப்பட்டவர் என்ற கட்டத்தில் அவன் துறையின் பெயரை எழுதினான். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு அவன் பெயரை எழுத வைத்தேன். ஓய்வறையில் போய்ப் படுக்கச் சொன்னேன். "மூணு கேஸ் பாக்கி இருக்குக்கா" என்றான்.

அந்த மூன்றையும் நான் பார்த்தேன். இரண்டாவது ஆள் கொஞ்சம் கோபக்காரர், சிஸ்டரைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன்.